படத்தில் இல்லாத நண்டு

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் காலை ஆறே முக்காலுக்கு உத்திரமேரூர் வண்டியில் ஏறியபோது என் மடியில் ஒரு வரைபலகையும் தோளில் வண்ணப் பென்சில் பையும் இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பலகையை நோட்டம் விட்டு, "கல்வெட்டு பாக்கவா போறீங்க?" என்று கேட்டார். உத்திரமேரூருக்கு வெளியூர்க்காரர் யார் போனாலும் கல்வெட்டுக்குத்தான் போவார்கள் என்பது அந்தத் தடத்தில் எல்லோரும் அறிந்த விஷயம். "இல்லைங்க, சோறு வரையப் போறேன்" என்றேன். அதன்பின் அவர் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டார்.

நான் சொன்னது உண்மைதான். சென்னையில் இருந்துகொண்டு சுகாதாரச் சுவரொட்டிகளுக்குப் படம் வரைவது என் பிழைப்பு. கை கழுவும் கை, மூடாத தண்ணீர்த் தொட்டி, ஊசிக்கு அழாத அதிசயக் குழந்தை என்று எத்தனையோ வரைந்திருக்கிறேன். கர்ப்பிணிகள் என்ன சாப்பிட வேண்டும் என்று காட்டும் தட்டுப் படம் ஒன்றை இப்போது புதிதாகக் கேட்டிருந்தார்கள். ஏற்கெனவே ஒட்டியிருந்த படம் வேறெங்கோ அச்சானது, என்னுடையதல்ல. "கிராமத்துக்குப் போய், அங்கே தட்டில் இருப்பதைப் பார்த்து வரையுங்கள்" என்றார் வேலை கொடுத்தவர். எனக்குச் சோறு பிடிக்கும். அடுத்தவர் வீட்டுச் சோறு இன்னும் அதிகமாகப் பிடிக்கும். யோசிக்காமல் சரி என்றேன்.

பயணச்சீட்டு முப்பது ரூபாய்க்குள் முடிந்தது. ஓரிக்கை தாண்டியதும் பாலாற்றுப் பாலம். கார்த்திகை மாதமாதலால் ஆற்றின் ஒரு ஓரத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மீதி இடத்தில் நாணல். மாகறல் பக்கம் செய்யாறும் அப்படியே. அதன்பிறகு இரண்டு பக்கமும் ஏரிகள், ஏரிக்குக் கீழே பச்சை நாற்று. சாலை பாதி நனைந்து பாதி காய்ந்து கிடந்தது. முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தை வண்டி நின்று நின்று ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. எனக்கு ஒரு குறையும் இல்லை.

எட்டு மணிக்கு உத்திரமேரூரில் பத்மா காத்திருந்தாள். சாலவாக்கம் பக்கத்துக் கிராமங்களுக்கு அவள்தான் சுகாதாரச் செவிலியர். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்கிற வேலை. நாற்பது வயதுக்குள் இருக்கும். அப்பா ஊர்க் கோயில் ஒன்றில் மடைப்பள்ளிக்காரர். வீட்டில் வெங்காயம்கூடச் சில நாட்களில்தான். "மொதல்ல நாஷ்டா முடிச்சுடலாம் மேடம், அப்புறம் எனக்குச் சாப்பாட்டு நேரமே கிடையாது" என்று பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருந்த கடைக்குள் இழுத்துப் போனாள். பொங்கல், வடை, பதினைந்து ரூபாய்க் காபி. ஊருக்கெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடச் சொல்கிறவள் நின்றுகொண்டே நாலு வாயில் பொங்கலை முடித்தாள். நான் அதைச் சுட்டிக்காட்டியதும் சிரித்துக்கொண்டே கை கழுவப் போய்விட்டாள்.

அவள் ஸ்கூட்டரின் பின்னால் பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு கிலோமீட்டர். நாங்கள் போன கிராமத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று பத்மா கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. சாலவாக்கத்தை ஒட்டிய நெல் ஊர். ஏரி, ஏரிக்கரை, பள்ளிக்கூடம், அங்கன்வாடி. ஏரியின் கடைசி மதகுக்குப் பக்கத்தில் தனியாக இருபது வீடுகள். அங்கே இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. மரம் வெட்டுவது, நாற்று நடுவது, செங்கல் சூளை என்று எந்த வேலை கிடைக்கிறதோ அதற்குப் போகிறவர்கள்.

பத்தரை மணிக்கு அங்கன்வாடியில் பரிசோதனை. பழைய படம் அங்கே சுவரில் இருந்தது. வழவழப்பான பெரிய தட்டு. அதில் கொஞ்சம் சோறு, ஆப்பிள், ஆரஞ்சு, பாதியாக வெட்டிய முட்டை, ஒரு கண்ணாடிக் கிளாஸில் பால், நடுவில் ப்ரோக்கோலி. ப்ரோக்கோலியைக் காட்டி இது என்ன என்று கேட்டேன். "அது எதோ பச்ச மரம்" என்றாள் ஒரு பெண். இந்த ஊர்ப் பெண்களுக்கு மரத்தைச் சாப்பிடச் சொல்லிப் படம் போட்டவர் யாரோ, எனக்கு அவர்மேல் எரிச்சலாக வந்தது.

ஊர்ப் பெண்கள் ஆறேழு பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். கதவோரத்தில், பாயை விட்டுத் தள்ளி, மதகுப் பக்கத்து வீடுகளிலிருந்து வந்த ரோஜா. வயது இருபத்திரண்டு, ஏழு மாதம். பத்மா ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் ஒரே கேள்வி கேட்டாள்.

"காலைல இன்னா சாப்ட்ட?"

"இட்லி, சாம்பார்."

அடுத்தவளும் இட்லி சாம்பார். அதற்கடுத்தவளும் அதே. இத்தனை வீட்டில் ஒரே நாளில் மாவு அரைத்தார்களா என்று எனக்கு ஆச்சரியம். ரோஜாவும் தலையைக் குனிந்துகொண்டு, "இட்லி, சாம்பார், முட்டை" என்றாள்.

விரலில் குத்தி இரத்தம் எடுத்துச் சின்னக் கருவியில் வைத்துப் பார்த்த பத்மாவின் முகம் மாறியது. ஹீமோகுளோபின் போன மாதம் ஒன்பது இருந்தது, இப்போது எட்டரைக்கு வந்திருக்கிறது. மாத்திரை போடுகிறாளா என்றால் போடுகிறாள்; காலி அட்டையைக் கையோடு கொண்டுவந்து காட்டினாள்.

"தோ பாரு ரோஜா. இது ஏறலன்னா சாலவாக்கத்துல டாக்டர் பிரசவம் பாக்க மாட்டாங்க. ரத்தம் கம்மியா வெச்சுக்கினு வலி வந்தா உன் உயிருக்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்து. பெரிய ஆஸ்பத்திரிக்குதான் எழுதணும்."

"அங்க வேணாம் நர்சம்மா" என்றாள் ரோஜா. "பெரியவள யாருகிட்ட வுட்டுட்டுப் போவேன்? ரெண்டு வயசு. நான் இல்லாம தூங்காது. அதுவும் மரம் வெட்டப் போனா எந்த ஊருன்னே தெரியாது."

கடைசியில் சொன்ன 'அது' அவள் கணவன் ஏழுமலை.  பத்மாவுக்கு அதட்டத் தெரியும் என்பதை காலையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அதட்டவில்லை என்பதிலிருந்தே நிலைமை புரிந்தது.

பன்னிரண்டரைக்கு மதகுப் பக்கத்து வீடுகளுக்குப் போனோம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தட்டுகளைப் பார்த்து வரைவதாக ஏற்பாடு. சோறு வரைய ஒரு அம்மா வருகிறார்கள் என்று முன்தினமே செய்தி போயிருக்கிறது. வாசல் எல்லாம் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது.

முதல் வீட்டில் அஞ்சலை என்ற பெண் தட்டை முன்னால் வைத்தாள். சோறு, சாம்பார், முருங்கைக்கீரை, ஒரு ஆரஞ்சு, ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால். என் பென்சில் நின்றுவிட்டது. என் வீட்டில்கூட வாரத்தில் ஒரு நாள் இப்படிச் சாப்பிடுவோமா என்பது சந்தேகம். முட்டை வேகும்போது ஒரு பக்கம் வெடித்து, வெள்ளை சின்னக் குமிழாகப் பிதுங்கியிருந்தது. அந்தக் குமிழைத்தான் முதலில் வரைந்தேன், அழகாக இருந்தது.

இரண்டாவது வீட்டிலும் சோறு, சாம்பார், ஆரஞ்சு, முட்டை, பால். முட்டையில் அதே இடத்தில் அதே குமிழ். பால் டம்ளரின் விளிம்பில் முதல் வீட்டில் பார்த்த அதே இரண்டு எழுத்துகள் வெட்டப்பட்டிருந்தன.  வரைந்து முடித்ததும் வேண்டுமென்றே எழுந்து சோம்பல் முறித்து, கொஞ்சம் மெதுவாகவே மூன்றாவது வீட்டுக்கு நடந்தேன். வீடுகளின் பின்பக்கமாக யாரோ வேகமாக நடக்கும் கொலுசுச் சத்தம் கேட்டது.

மூன்றாவது வீடு ரோஜாவினுடையது. தட்டு தயாராக இருந்தது. குமிழ் முட்டையும் வந்து சேர்ந்திருந்தது.

பத்மா அந்தத் தட்டைப் பார்த்தாள், ரோஜாவைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்க மேடம். தினம் முட்டை, தினம் பாலு, கீரை. மாத்திரையும் போடறா. அப்புறம் எப்படி எறங்குது? எனக்கு ஒண்ணும் புரியல. இவளுக்கு வேற ஏதாவது வியாதி கீதான்னு பயமா கீது."

போன மாத அளவைப் பார்த்ததிலிருந்தே அவள் இதை நினைத்துத் தூங்கவில்லை என்று பிறகு சொன்னாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"பத்மா, இந்த முட்டையை இன்னிக்கு இதோட மூணாவது வீட்டில் பார்க்கறேன்" என்றேன்.

 பின்கட்டுக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குபீரென்று ஒரு சிரிப்பு. மூச்சு வாங்க நின்றிருந்தாள் அஞ்சலை. ஏழுமலையின் தங்கை அவள். முட்டையைச் சுமந்து ஓடியவளும் அவள்தான். "ஊருல ஒரே ஒரு முட்டதான் கெடச்சுது சிஸ்டர். படத்துல இருக்கற மாதிரி வரைய வராங்கன்னாங்க, அதான் தட்டு நல்லா இருக்கட்டுமேன்னு" என்றாள். வாசலில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பத்மா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். விருந்தாளிக்காகத் தட்டை அலங்கரிக்கும் இந்த மனசு எந்த வீட்டில்தான் இல்லை? என் அம்மா யார் வந்தாலும் அலமாரியிலிருந்து எடுத்துத் துடைக்கும் கண்ணாடிக் கோப்பைகளில் அவள் ஒரு நாளும் காபி குடித்ததில்லை.

ரோஜா மட்டும் சிரிக்கவில்லை.

"நெசமா இன்னா சாப்ட்ட?" என்று பத்மா கேட்டாள், இந்த முறை மெதுவாக.

"ரசம் ஊத்தி சோறு."

"நேத்து?"

"அதான்."

"எப்போலேந்து?"

"மூணாம் மாசத்துலேந்து."

"ஏன்? வூட்ல ஒண்ணும் இல்லியா?"

 அஞ்சலைதான் பொறுக்கமாட்டாமல் சொன்னாள். "ஏன் இல்ல சிஸ்டர்? எங்க அண்ணன் வேல இல்லாத நாளெல்லாம் வாய்க்கால்ல நண்டு புடிக்குது. வயல்ல நத்த கீது. சின்ன மீனு கீது. அண்ணி ஒண்ணத்தயும் தொட மாட்டேங்குது. அண்ணன் எல்லாத்தையும் கொண்டும்போய் சாலவாக்கம் டீக்கட முனையில வித்துட்டு வந்துடுது."

"ஏன் ரோஜா தொடல?"

"படத்துல இல்ல" என்றாள் ரோஜா.

எங்களுக்குப் புரியவில்லை. அவள் அங்கன்வாடி இருக்கும் பக்கம் கையைக் காட்டினாள்.

"மொதப் புள்ளைக்கு நான் எல்லாம் துன்னேன் நர்சம்மா. அப்ப அந்தப் படம் கெடையாது. அது எட கம்மியா பொறந்துச்சு, நீங்களே திட்டுனீங்க. அதான் இந்த தபா சரியா இருக்கணும்னு கீறேன். படத்துல போட்டுக்கீறதுதான் புள்ளத்தாச்சி துன்னணும். ஆப்பிளு, பாலு தினம் வாங்க எங்களால ஆவாது. நண்டு, நத்த அதுல போடல. போடலன்னா ஆவாதுன்னுதானே அர்த்தம்?"

 அந்தச் சுவரொட்டியை இந்த வட்டாரத்திலேயே முழு மனதோடு மதித்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் பச்சை மரத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தங்கள் சமையலைச் சாப்பிட்டார்கள். இவளோ அதை அனுமதிச் சீட்டு மாதிரி வாசித்து, அதில் வாங்க முடியாததை விட்டு, அதில் இல்லாததையும் விட்டு, மிச்சமிருந்த ரசம் சோற்றில் வயிற்றுப் பிள்ளையை வளர்த்துக்கொண்டிருந்தாள். ஒரே படத்தை எல்லாச் சுவரிலும் ஒட்டிவிட்டால் எல்லோரையும் சமமாக நடத்திவிட்டோம் என்று நினைக்கிறோம். யாருடைய தட்டைப் பார்த்துப் படம் போட்டார்களோ அவர்களுக்குத்தான் அது வழிகாட்டும். மற்றவர்களிடம் உங்கள் சாப்பாடு சாப்பாடே இல்லை என்று சொல்லிவிடும்.

பத்மா போனை எடுத்து, எல்லோர் காதிலும் விழும்படி வைத்து, சாலவாக்கத்து டாக்டரைக் கூப்பிட்டாள். நண்டும் நத்தையும் கர்ப்பிணி சாப்பிடலாமா என்று கேட்டாள். நத்தை என்ற சொல்லைச் சொல்லும்போது அவள் குரல் லேசாகத் தடுமாறியதை நான் கவனித்தேன். மடைப்பள்ளிக்காரர் மகள் அல்லவா?

"தாராளமா. ரெண்டுமே நல்லா வெந்திருக்கணும். மருந்து தெளிச்ச வயல்ல எடுக்க வேணாம்னு சொல்லுங்க. கூடவே கீரை" என்றார் டாக்டர். "ஆனா சாப்பாடு மட்டும் போதாது பத்மா. மாத்திரைய நிறுத்தக் கூடாது. வர்ற புதன்கிழமை கூட்டிட்டு வாங்க, இரும்புச் சத்து டிரிப் போட ஆரம்பிப்போம். ஏறினா இங்கயே பாத்துக்கலாம். ஏறலன்னா நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன். அதையும் சொல்லிடுங்க."

ரோஜா சரி என்று தலையாட்டினாளே தவிர முகம் தெளியவில்லை. டாக்டர் சொன்னாலும் அது போனில் வந்த குரல்தான். படம் சுவரில் இருக்கிறது. நான் பலகையைத் திருப்பி ஒரு புதுத் தாள் மாட்டினேன். அவள் வீட்டு அலுமினியத் தட்டை வரைந்தேன். அதில் சோறு, முருங்கைக்கீரை. குழம்பு என்ன நிறம் இருக்கும் என்று அஞ்சலையைக் கேட்டுக் கேட்டு நண்டுக் குழம்பு. ஒரு கிண்ணத்தில் நத்தை வறுவல். ஓரத்தில் அந்தக் குமிழ் முட்டையும் வைத்தேன். அது பாவம் நிறைய நடந்திருந்தது. ரோஜா மடியில் மகளை வைத்துக்கொண்டு முழுதும் பார்த்தாள்.

"இத்த அங்க ஒட்டுவாங்களா?" என்று பத்மாவைக் கேட்டாள். "அவங்க எல்லாம் பாப்பாங்களே."

ஊர்ப் பெண்களைச் சொன்னாள் என்பது எங்கள் இருவருக்கும் புரிந்தது. எனக்கும் அதே கவலை. பத்மா தன் பையிலிருந்து காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி ரோலை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மூன்று மணிக்கு அங்கன்வாடியில், ஆப்பிள் தட்டுக்குப் பக்கத்தில் என் தட்டை நாலு மூலையிலும் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். குழந்தைகளை அழைத்துப்போக வந்திருந்த ஊர்ப் பெண்கள் கூடிவிட்டார்கள். ரோஜா வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"இன்னா சிஸ்டர், நண்டெல்லாம் போட்டுக்கீறீங்க?" என்றாள் காலையில் முதலாவதாக இட்லி சாம்பார் சொன்னவள்.

"டாக்டர் துன்னச் சொல்லிட்டாரு. ரத்தம் ஏறுமாம். ஏன், ஆவாதா?"

அந்தப் பெண் படத்துக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். "குழம்பு இவ்ளோ செவப்பா இருக்காது. எங்க வூட்ல பூண்டு தட்டிப் போட்டு மஞ்சளாதான் வெப்போம்" என்றாள்.

"உங்க வூட்லயா?" என்றாள் பத்மா. "எங்கிட்ட மாசா மாசம் இட்லி சாம்பார்னு சொல்லிக்கினு இருந்தியே."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவளும். அப்புறம் ஒருத்தி மாற்றி ஒருத்தி அவிழ்த்துவிட்டார்கள்: நேற்று எங்கள் வீட்டில் நத்தை, போன வாரம் எங்கள் வீட்டில் விரால், காலையில் சாப்பிட்டது பழைய சோறு. மொத்த ஊரும் சேர்ந்து பத்மாவுக்கு இட்லி ஊட்டியிருக்கிறது. "நீங்க சைவம்னு தெரியும், அதான் சொல்லக் கூச்சம்" என்றாள் ஒருத்தி. பத்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எனக்கு இதெல்லாம் சமைக்கத் தெரியாது, துன்னத் தெரியாது. ஆனா அடுத்த மாசம் இட்லின்னு எவளாவது சொன்னா பேஜாராயிடும்" என்றாள். அதட்டல் திரும்ப வந்ததில் எனக்கு நிம்மதி. இனிமேல் அந்தக் கேள்வியை ஒவ்வொருத்தியையும் தனியாக உட்கார வைத்துக் கேட்கப் போவதாகப் பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

ரோஜா வாசற்படியிலிருந்து எப்போது போனாள் என்று தெரியவில்லை. நான் பார்த்தபோது இல்லை. அவள் இந்தச் சிரிப்பையெல்லாம் கேட்டாளா, கேட்டு என்ன நினைத்தாள் என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஐந்து மணிக்குப் பத்மா என்னைச் சாலவாக்கத்தில் இறக்கிவிட்டாள். டீக்கடை முனையில்தான் பேருந்து நிற்கும். என் படத்தை மேலே இருப்பவர்கள் ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டாள். தெரியாது என்றேன். நண்டை எடுக்கச் சொன்னால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிடுவதாக இருக்கிறேன். எங்கள் அடுக்குமாடி வீட்டு ஆப்பிள் எந்தச் சுவரொட்டியிலும் இருக்கும். யாரும் எங்களிடம் என்ன சாப்பிட்டாய் என்று பத்துப் பேர் முன்னால் கேட்பதில்லை. சொல்லிக்கொள்ள வெட்கப்படாமல் சாப்பிடுவதும் ஒரு வசதிதான் என்று இந்த வயதில்தான் எனக்கு உறைக்கிறது.

பேருந்து வருவதற்குள் ஈரத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஒருவன் சைக்கிளைத் தள்ளியபடி வந்தான். ஹேண்டிலில் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி தொங்கியது. உள்ளே கரகரவென்று சத்தம். டீக்கடைக்காரர் பார்த்துவிட்டு, "ஏழுமல, எவ்ளோ கீது? எறக்கு" என்றார். பெயரைக் கேட்டதும் நான் எழுந்துவிட்டேன். கிட்டப் போய் மூடியிடுக்கில் பார்த்தேன். கருநீல வயல் நண்டுகள், ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. நண்டென்றால் எனக்கு நாக்கில் நீர் ஊறும். ஊருக்கு எடுத்துப்போகக் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டேன்.

அவன் வாளியை என் பக்கத்திலிருந்து நகர்த்திச் சைக்கிளின் மறுபக்க ஹேண்டிலில் மாட்டினான்.

"இன்னிக்கு விக்கறதுக்கு இல்ல மேடம். டீ தூளு வாங்கத்தான் வந்தேன்" என்றான். "வூட்ல போன் பண்ணி நண்டு வேணும்னு கேட்டுக்கீது."